எங்கள் பகுதியின் நில உபயோகத்தை மாற்றப் போகிறார்கள்; எப்படி ஆட்சேபிப்பது?

சென்னையை வைத்துச் சொல்கிறேன். எந்தப் பகுதியில் வீடு, எதில் கடை, எதில் தொழிற்சாலை என்று வகுத்திருப்பதே முழுமைத் திட்டம். ஒரு மனையை அதில் வேறு வகைக்கு மாற்றுவது நில உபயோக மாற்றம். முன்பதிவுப் பெட்டி என்று நம்பி ஏறியவர்களிடம், பாதி வழியில் அது பொதுப்பெட்டி என்று அறிவிப்பதைப் போன்றது இது. அக்கம்பக்கத்தாரைப் பாதிக்கும் என்பதால்தான், 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அவர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள்.

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் நாளிதழில் அறிவிப்பு வெளியிடும். சிறிய எழுத்தில் இருக்கும். அதில் அந்த மனையின் புல எண்ணை (சர்வே எண்ணை) தேடிப் பாருங்கள். வழக்கமாக 21 நாள் அவகாசம். அதற்குள் உறுப்பினர் செயலருக்கு எழுத்தில் ஆட்சேபணை தர வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் உயிர் ஆதாரத்தில் இருக்கிறது. "எங்களுக்குத் தொல்லை" என்று எழுதினால் கோப்பில் உறங்கிவிடும். டேப் பிடித்துத் தெருவை அளந்து, மிகக் குறுகலான இடத்தின் அகலத்தை எழுதுங்கள். மழைநீர் தேங்கும் மூலையின் படம், பள்ளி வாசல், வாய்க்கால் எல்லாம் சேரட்டும். கோப்பின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். முறை மீறி மாற்றினால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு (ரிட் மனு) போட வழியுண்டு. அப்போது முத்திரையிட்ட அந்த நகல் மிகவும் உதவும்.

நிறையப் பேர் கையெழுத்திட்டால் மாற்றம் தானாக நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை, இது வாக்கெடுப்பு அல்ல, காரணங்களைத்தான் பரிசீலிப்பார்கள்.