முற்றை எண்ணுங்கள்: ஆங்கில இலக்கணம், கேள்வி பதில்

கேள்வி: எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகும் என் மகனின் ஆங்கிலக் கட்டுரையில் சில வரிகளுக்குப் பக்கத்தில் ‘ரன்-ஆன்’ என்றும் சில வரிகளுக்கு ‘ஃபிராக்மென்ட்’ என்றும் ஆசிரியர் சிவப்பு மையில் எழுதுகிறார். இவை எதனால் வருகின்றன? வீட்டில் எப்படித் திருத்துவது?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ‘ஃபெரி தாமதமானதால் பஸ்ஸைத் தவறவிட்டேன்’ என்று தமிழில் எழுதினால் ‘தவறவிட்டேன்’ ஒன்றே முற்று, அதாவது வாக்கியத்தை முடித்துவைக்கும் முழு வினை. மற்ற வினை அதற்கு முன்னால் அடங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘பிகாஸ் த ஃபெரி வாஸ் லேட், ஐ மிஸ்ட் த பஸ்’ என்று எழுதும்போது ‘வாஸ்’, ‘மிஸ்ட்’ என்று இரண்டு முற்று வந்துவிடும். எழுவாயும் முற்றும் கொண்ட ஒவ்வொரு துண்டையும் கிளாஸ் (clause) என்கிறோம். இரண்டு கிளாஸ் ஒரே வாக்கியத்தில் நிற்க ஓர் இணைப்புச் சொல் வேண்டும், மூன்றுக்கு இரண்டு. அதாவது, முற்றுகளைவிட இணைப்பு ஒன்று குறைவாக இருக்க வேண்டும்.

மகனை எண்ணச் சொல்லுங்கள். ‘த ஃபெரி வாஸ் லேட், ஐ மிஸ்ட் த பஸ்.’ முற்று 2, இணைப்பு 0. இதுதான் ரன்-ஆன், வெறும் கமாவால் இரண்டு கிளாஸைக் கட்டிவைக்க முடியாது. கமாவுக்குப் பின் ‘ஸோ’ போட்டால் தொடர் வாக்கியம் (compound). முதலில் ‘பிகாஸ்’ போட்டால் கலவை வாக்கியம் (complex). கமாவை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டு தனி வாக்கியங்கள். மூன்றும் சரியே.

‘பிகாஸ் த ஃபெரி வாஸ் லேட்.’ முற்று 1, இணைப்பு 1. இது ஃபிராக்மென்ட். நம் பிள்ளைகள் இதில் விழுவதற்கு நம் ‘ஏனென்றால்’ ஒரு காரணம். தமிழில் அது புது வாக்கியத்தைத் தாராளமாகத் தொடங்கும். ‘பிகாஸ்’ பக்கத்தில் இன்னொரு கிளாஸ் இல்லாமல் நிற்காது. ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வீ வென்ட்’ என்பதில் முற்று 2, இணைப்பும் 2. ‘ஆல்தோ’, ‘பட்’ இரண்டில் ஒன்றை வெட்டுங்கள்.

எண்ணும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. தனியாக வரும் ‘வெயிட்டிங்’, ‘டு கோ’ போன்றவை முற்று ஆகா. நம் எச்சம் மாதிரி. ‘ஐ திங்க் ஹி இஸ் சிக்’ என்பதில் ‘தட்’ ஒளிந்திருக்கிறது, அதையும் எண்ணுங்கள். பெரிய பொறி ‘ஹவ்எவர்’. பார்க்க இணைப்பு மாதிரி இருக்கும், ஆனால் இணைக்காது. அதற்கு முன் முற்றுப்புள்ளியோ, இணைப்பின் வேலையைச் செய்யும் அரைப்புள்ளியோ, பின்னால் கமா.

கேள்வி: ‘ஹூ’, ‘விச்’ வரும் வாக்கியங்களில் எப்போது கமா போடுவது? எப்படி எழுதினாலும் ஏதோ இடிக்கிறது.
– கல்லூரி மாணவர், பிறை, பினாங்கு

பதில்: ‘மை பிரதர் ஹூ வொர்க்ஸ் இன் பினாங்’ என்று கமா இல்லாமல் எழுதினால், உங்களுக்குப் பல சகோதரர்கள் உண்டு, அவர்களில் பினாங்கில் வேலை செய்பவர் என்று பொருள். இரு பக்கமும் கமா போட்டால் சகோதரர் ஒருவரே, வேலை செய்யும் ஊர் கூடுதல் செய்தி. கமா போட்ட இடத்தில் ‘ஹூ’, ‘விச்’ இரண்டுக்கும் பதிலாக ‘தட்’ போடக் கூடாது.

இடிப்பது கமாவால் மட்டும் இருக்காது. ‘நான் சாப்பிட்ட நாசி கண்டார் கடை’ என்கிறோம். ‘கடையில்’ என்பதிலுள்ள ‘இல்’ காணாமல் போனாலும் தமிழனுக்குப் புரியும். அப்படியே ‘த ஷாப் விச் ஐ ஏட்’ என்று எழுதினால் கடையையே விழுங்கியதாகிவிடும். ‘த ஷாப் வேர் ஐ ஏட்’ என்றோ ‘த ஷாப் விச் ஐ ஏட் அட்’ என்றோ எழுத வேண்டும். ‘த பேக் விச் ஐ பாட் இட்’ நேர்மாறான பிழை: ‘விச்’ அந்தப் பையையே குறிக்கும்போது ‘இட்’ எதற்கு?

கேள்வி: எஸ்பிஎம் கட்டுரையில் எத்தனை கலவை வாக்கியங்கள் இருக்க வேண்டும்?
– படிவம் 5 மாணவி, பட்டர்வொர்த்

பதில்: கணக்கு எதுவும் இல்லை. இரண்டாம் தாளின் மூன்றாம் பகுதிக்கு 200 முதல் 250 சொற்கள். மொழிக்கான மதிப்பெண், எளிய அமைப்பு, சிக்கலான அமைப்பு இரண்டும் கலந்திருக்கின்றனவா, கட்டுக்குள் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. நான்கு முற்று சேர்ந்த வாக்கியம் எழுதி நடுவில் தடுமாறுவதைவிட, இரண்டு முற்றில் நிறுத்துங்கள்.

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் ‘ப்ளீஸ் லெட் மீ நோ வென் இஸ் த மீட்டிங்’ என்று எழுதினேன். தவறு என்கிறார் மேலாளர்.
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: மேலாளர் சொல்வது சரி. ‘வென் த மீட்டிங் இஸ்’ என்று வர வேண்டும். நேரடிக் கேள்வியில்தான் ‘இஸ்’ முன்னே பாயும்; கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கினால் எழுவாய் முதலில், வினை பிறகு. ‘டஸ்’, ‘டிட்’ அங்கே மறைந்துவிடும்: ‘வென் டஸ் இட் ஸ்டார்ட்’ என்பது ‘வென் இட் ஸ்டார்ட்ஸ்’ ஆகும். நீங்கள் எழுதியது வேண்டுகோள் என்பதால் முடிவில் முற்றுப்புள்ளி. ‘குட் யூ டெல் மீ’ என்று தொடங்கினால் கேள்விக்குறி.