சட்டம் வந்துவிட்டது, மருந்துதான் வரவில்லை

நண்பரே, லண்டனில் 'கஞ்சாவை அனுமதி' என்று பதாகை பிடித்தும் யாரும் நின்று படிக்கவில்லை என்கிறீர்கள். அந்த வாசகத்தை விடுங்கள். பிரிட்டனில் 2018 நவம்பர் 1 முதலே சிறப்பு மருத்துவர்கள் கஞ்சாவிலிருந்து செய்யும் மருந்தை எழுதிக் கொடுக்கலாம். சிக்கல் என்னவென்றால் அரசு மருத்துவமனைகளில் எழுதித் தருபவர்கள் மிகக் குறைவு, வலிப்பு அடங்காத பிள்ளையை வைத்திருப்பவர்கள் மாதாமாதம் தனியாரிடம் சொந்தக் காசைக் கொட்டுகிறார்கள். அதையே கேளுங்கள்: "2018இல் சட்டம் வந்தது, என் மகளுக்கு மருந்து எப்போது?"

பதாகையில் கஞ்சா இலைப் படம் வேண்டவே வேண்டாம், பார்த்ததுமே பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்து எண்ணெய் எடுக்கும் அம்மாவின் கை போதும். அப்புறம், 'குணமாக்கும்' என்று எழுதாதீர்கள். சில அரிய வலிப்பு நோய்களில் கன்னாபிடியால் (கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத ஒரு பொருள்) வலிப்பைக் குறைக்கிறது என்பதற்குத்தான் வலுவான சான்று இருக்கிறது.