கதையை எந்த ஆண்டில் தொடங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசியல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறேன். தெற்காசியச் சமூகங்களில் வளர்ச்சி, பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்பது பொதுவான களம். அண்மையில் ஒரு கருத்தரங்கில் பேசிய பேராசிரியர் பலகையில் அம்புக்குறிகள் போட்டு விளக்கினார்: மக்கள்தொகை பெருகுகிறது, நிலம் சுருங்குகிறது, மக்கள் இடம்பெயர்கிறார்கள், மோதல் வெடிக்கிறது. உதாரணம் வங்கதேசம். அரங்கில் யாரும் மறுக்கவில்லை. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இந்த மூன்றையும் சேர்த்து ஆராய்வதில் உண்மையாகவே சரக்கு இருக்கிறதா, அல்லது நிதி வாங்குவதற்கான சொற்கோவையா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

நிதிக்கான சொற்கோவை என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பனிப்போர் முடிந்ததும் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பலருக்குக் கையில் வேலை குறைந்தது, சுற்றுச்சூழல் அகப்பட்டது. டொரான்டோவில் தாமஸ் ஹோமர்-டிக்சன் 1990களில் செய்த ஆய்வுகள்தான் உங்கள் பேராசிரியரின் அம்புக்குறிகளுக்கு மூலம். வங்கதேசத்திலிருந்து அசாமுக்கு நடந்த குடிபெயர்வு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று. நிலமும் நீரும் யார் கையில் போய்ச் சேர்கின்றன என்பதையும் அவர் பேசினார். பின்னால் வந்தவர்கள் அதை விட்டுவிட்டு அம்புக்குறிகளை வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் படத்தில் ஆட்களே இல்லை. உங்களை உறுத்தியது அதுவாக இருக்கலாம். நிலம் தானாகச் சுருங்குகிறது, மக்கள் தாமாகப் பெயர்கிறார்கள். வங்கதேசம்தான் உதாரணம் என்றால், அதன் தென்கிழக்கில் இருக்கும் சிட்டகாங் மலைப்பகுதியைப் பாருங்கள்.

கர்ணபுலி ஆற்றின் குறுக்கே காப்தாய் என்ற இடத்தில் 1957இல் அணை கட்டத் தொடங்கி 1962இல் முடித்தார்கள். அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். பணத்தில் பெரும்பங்கு அமெரிக்க உதவி. மலைப்பகுதியில் ஏர் பூட்டி உழக்கூடிய சமநிலம் ஆற்றோரப் பள்ளத்தாக்குகளில்தான் உண்டு. அதில் ஏறத்தாழ 40 சதவீதம், 54,000 ஏக்கர், நீரில் போனது. மலைப்பகுதியின் பெரிய பழங்குடியான சக்மாக்களின் அரசருக்கு ரங்காமாட்டி ஊரில் இருந்த அரண்மனையும் மூழ்கியது. வெளியேற்றப்பட்டவர்கள் ஒரு லட்சம் பேர் அளவில், பெரும்பாலோர் சக்மாக்கள். உழவர்களுக்குக் கிடைத்த இழப்பீடு சொற்பம். மலைச்சரிவில் ஜூம் சாகுபடி, அதாவது காட்டை வெட்டி எரித்து இடம் மாறி மாறிப் பயிரிடுதல், செய்தவர்களின் கையில் பட்டா இல்லை. பட்டா இல்லாதவனுக்கு நிலம் போனதாகவே அரசுக் கணக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது அம்புக்குறிக்கு வாருங்கள். 1963இல் அந்த மலையில் நிலப் பற்றாக்குறை இருந்ததா? இருந்தது. அதை மக்கள்தொகை உண்டாக்கவில்லை. ஓர் அணையும் ஓர் இழப்பீட்டுப் பட்டியலும் உண்டாக்கின.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1964 வாக்கில் சுமார் 40,000 பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை இந்திய அரசு இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தியது. அங்கே அவர்கள் 'அந்நியர்'. 1990களில் அவர்களை வெளியேறச் சொல்லி மாணவர் அமைப்புகள் கிளர்ந்தன. 1996இல் அவர்களின் உயிரைக் காக்கும்படி உச்ச நீதிமன்றம் மாநில அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அதே குடும்பம் காப்தாயில் வளர்ச்சித் துறையின் கோப்பில் 'பாதிக்கப்பட்டோர்', அருணாசலத்தில் உள்நாட்டுப் பாதுகாப்புக் கோப்பில் 'ஊடுருவியோர்'. முதல் கோப்பைப் பார்க்காத ஆய்வாளருக்கு இரண்டாவது கோப்பு எந்தக் காலத்திலும் புரியாது. மூன்றையும் சேர்த்துப் படிப்பதில் சரக்கு இருக்கிறதா என்றீர்களே, இங்கே இருக்கிறது.

மலையிலேயே தங்கியவர்களிடமிருந்து 1972இல் ஜன சம்ஹதி சமிதி என்ற அரசியல் கட்சி பிறந்தது. அதன் ஆயுதப் பிரிவான சாந்தி பாஹினி எழுபதுகளின் நடுவில் சண்டையைத் தொடங்கியது. எதிர்நடவடிக்கையாக வங்கதேச அரசு ராணுவத்தைக் குவித்ததோடு, 1979 முதல் சமவெளியிலிருந்து லட்சக்கணக்கான வங்காளிகளை அழைத்து வந்து மலையில் குடியேற்றியது. வந்தவர்களில் பலர் நிலமற்ற ஏழைகள். ஆறு கரையை அரித்துப் பிழைப்பை இழந்தவர்களும் உண்டு. உங்கள் பேராசிரியரின் அம்புக்குறி ஓரளவு பொருந்துவது இங்கேதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆறு அவர்களை வீட்டிலிருந்து கிளப்பியது. ரங்காமாட்டிக்குக் கொண்டுபோய் விட்டது ஆறு அல்ல. அது பாதுகாப்புத் திட்டம். (இலங்கை அரசு குடியேற்றங்கள் நடத்திய கல்லோயா, மணலாறு என்ற பெயர்களோடு வளர்ந்த ஈழ வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.)

ஆகவே எந்த ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அது கதையை எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதைத்தான். எழுபதுகளின் நடுவில் தொடங்கினால் அது தீவிரவாதம் பற்றிய கட்டுரை. 1957இல் தொடங்கினால் வளர்ச்சி பற்றியது. வெளியார் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்திய 1900ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து தொடங்கினால் முற்றிலும் வேறு கட்டுரை. அரசும் ஜன சம்ஹதி சமிதியும் செய்துகொண்ட 1997 டிசம்பர் 2 சமாதான ஒப்பந்தத்தோடு முடிப்பவர்களும் இருக்கிறார்கள். நிலத் தகராறுகளைத் தீர்க்க அந்த ஒப்பந்தத்தின்படி அமைந்த ஆணையத்தின் சட்டத்தை 2016இல்கூடத் திருத்திக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இதையெல்லாம் பழைய வரலாறு என்று யாராவது சொன்னால், காப்தாய் ஏரியின் விளிம்பைக் காட்டுங்கள். வறண்ட மாதங்களில் நீர் இறங்கும்போது ஏரியோரத்தில் நிலம் வெளியே வரும். 'ஜலே பாஸா' நிலம் என்பார்கள். அதில் நெல் நடுகிறார்கள். நீர் எப்போது இறங்கும், எப்போது ஏறும் என்பது மழையோடு மட்டும் முடிகிற விஷயமில்லை; 230 மெகாவாட் நிலையத்தை நடத்தும் மின் வாரியம் மதகை எப்போது திறக்கிறது என்பதையும் பொறுத்தது. நீர் தாமதமாக வடிந்தால் நடவு தவறும், முன்கூட்டியே ஏறினால் விளைந்த கதிர் மூழ்கும். தாத்தாவின் வயல் எந்த ஏரிக்குள் போனதோ அதன் கரையில் பேரன் ஆண்டுதோறும் மின் வாரியத்தின் முடிவுக்காகக் காத்திருக்கிறான்.

உங்கள் தலைப்பைப் பற்றி: தெற்காசியா முழுவதையும் கட்டிக்கொண்டு அழாதீர்கள். இந்த விளிம்பு நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், நீர்மட்டப் பதிவும் நெல் விளைச்சலும் நில வழக்குகளும் ஒரே ஆய்வுக்குள் வரும். எழுதத் தொடங்குமுன் வங்காளம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளூர் நாளிதழ்கள் அந்த மொழியில்தான் வருகின்றன, பேட்டி கொடுப்பவர்கள் சக்மாவிலும் பேசுவார்கள். மொழிபெயர்ப்பாளரை நம்பி அந்த மலையில் ஏறினால் அவருக்குத் தெரிந்தவர்களை மட்டுமே சந்தித்துத் திரும்புவீர்கள்.