சேட்ரலின் குடிக்கும் அம்மாவுக்கு சிபிடி எண்ணெய் குடுக்கலாமா?

சிபிடி எண்டது கஞ்சாச் செடியில இருந்து எடுக்கிற பொருள். அந்த எண்ணெயை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. ஆனால் மனச்சோர்வு மருந்தான சேட்ரலினை நிப்பாட்ட வேண்டாம். அது திடீரெண்டு நிண்டால் தலைசுற்றலும் பதகளிப்பும் வரும்.

கனடாவிலயிருந்து அண்ணா அனுப்பின அந்த எண்ணெய்ச் சொட்டைத் தொடங்கின பிறகுதான் அம்மா பகல் முழுக்கத் தூங்கி வழியிறா எண்டு எழுதியிருக்கிறீங்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: சேட்ரலினை உடைக்கிற ஈரல் நொதியங்களை சிபிடி மந்தமாக்கும், அதால இரத்தத்தில மருந்து கூடும். சிபிடி தனியவும் தூக்கம் தரும். இரவில குளோனசெபாம் எண்ட தூக்கம் தாற குளிசையும் போடுறா எண்டால் இன்னும் மோசம், கிணத்தடியில விழுந்திடுவா.

போத்தில் லேபிளில டிஎச்சி (THC) இருக்கோ பாருங்கோ. கஞ்சாவில போதை தாறது அதுதான். பதகளிப்பைக் கூட்டும், சிலருக்கு இல்லாத குரலும் கேக்கும். 2009இல பட்டதுகளை இண்டைக்கும் சுமக்கிற அம்மாவுக்கு அது வேணவே வேண்டாம்.

அமெரிக்கா 2018இல அனுமதிச்ச சிபிடி மருந்து சில அரிய வலிப்பு நோய்களுக்குத்தான், மனச்சோர்வுக்கு இல்லை. அண்ணாவுக்கும் இதைச் சொல்லுங்கோ, அவர் அக்கறையில அனுப்பினவர்.

லேபிளைப் படமெடுத்து, கிளிநொச்சி ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில டொக்டரிட்டக் காட்டுங்கோ. ஒளிக்காதேங்கோ. ஈரல் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கோ.

ஒண்டு: அம்மாவுக்கு வலிப்பு இருந்தால் டொக்டரைக் கேட்டுத்தான் எண்ணெயை நிப்பாட்டவேணும். எழுப்ப எழும்பாமல் கிடந்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. மனம் உடைஞ்சு கதைச்சால் மனநல உதவி இலக்கம் 1926க்கு அடியுங்கோ.