95 ஆண்டுகள் ஏன் ஆயின? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். ஒரு சந்தேகம். நிறத்தைக் காட்டி யாருக்கும் ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது என்று 1870-லேயே அவர்களுடைய அரசியல் சாசனத்தில் 15-ஆவது திருத்தம் வந்துவிட்டது. பிறகு 1965-ல் எதற்கு இன்னொரு ஓட்டுரிமைச் சட்டம்? சாசனத்தால் ஆகாததைச் சாதாரணச் சட்டம் எப்படிச் சாதித்தது? நமக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லாமல் 1950-லேயே எல்லாம் கிடைத்துவிட்டது என்றும் தோன்றியது.

எம்., விருதுநகர்

அன்புள்ள எம்.,

கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு உங்கள் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1996-ல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் இவை. மனு போட விடமாட்டார்கள். மீறி ஒருவர் ஜெயித்தால் உடனே ராஜினாமா. ஒழுங்காகத் தேர்தல் நடக்க 2006 ஆயிற்று. ஆனால் ஒன்று, நம் ஊரில் வாக்காளர் பட்டியல் எழுத அரசு ஊழியர் வீடு தேடி வந்தார். படித்தவரா என்று கேட்கவில்லை. அமெரிக்காவில் குடிமகன்தான் பதிவாளரைத் தேடிப் போகவேண்டியிருந்தது. வினையே அங்குதான்.

மிசிசிப்பி 1890-ல் புதிய மாநில சாசனம் எழுதியது. ஓட்டுப் போட இரண்டு டாலர் தலைவரி கட்டவேண்டும். மாநில சாசனத்தின் ஒரு பிரிவைப் படிக்கவேண்டும், அல்லது படிக்கக் கேட்டுப் பொருள் சொல்லவேண்டும். சொன்ன பொருள் சரியா என்று தீர்மானிப்பவர் பதிவாளர். நிறம் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை என்பதால் உச்ச நீதிமன்றமும் 1898-ல் சரி என்றுவிட்டது. மற்ற தென் மாநிலங்களும் அதே வழியைப் பிடித்துக்கொண்டன. லூசியானாவில் 1896-ல் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள் இருந்தார்கள். 1904-ல் 1,342 பேர்.

ஃபேனி லூ ஹேமர் மிசிசிப்பியின் பருத்திக்காட்டில் விளைச்சலில் பங்கு வாங்கும் வார முறையில் உழைத்த கறுப்பினப் பெண். 1962 ஆகஸ்ட் 31 அன்று, 44 வயதில், பழைய பஸ் ஒன்றில் பதினேழு பேரோடு இண்டியனோலா நகரத்து நீதிமன்றக் கட்டடத்துக்குப் பதிவு செய்யப் போனார். பதிவாளர் அவருக்குப் பொருள் சொல்லக் கொடுத்தது 'டி ஃபாக்டோ' (எழுத்தில் இல்லாமல் நடைமுறையில் இருக்கும்) சட்டங்கள் பற்றிய பிரிவு. கிறிஸ்துமஸைப் பற்றிக் குதிரைக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரியும் என்று ஹேமர் பிறகு சொன்னார். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி அபராதம் போட்டது. குற்றம், பஸ்ஸின் மஞ்சள் நிறம் சரியில்லை! வீட்டுக்கு வந்தால் தோட்ட முதலாளி நிற்கிறார்: விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் இடத்தைக் காலி செய். பதினெட்டு வருடம் உழைத்த இடத்தை விட்டு அன்றிரவே வெளியேறினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒருவழியாகத் தேர்வில் தேறினார். ஓட்டுப் போடப் போனபோது, தலைவரி கட்டிய ரசீது இரண்டு எங்கே என்றார்கள்.

வழக்குப் போடலாமே என்பீர்கள். போட்டார்கள். அலபாமா மாநிலத்தில் செல்மா ஊர் இருக்கும் டல்லஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) மத்திய அரசே நான்கு ஆண்டுகள் வழக்காடியது. ஓட்டுப்போடும் வயதுள்ள கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். பட்டியலில் இருந்தவர்கள் 156-லிருந்து 383 ஆனார்கள். கோர்ட் ஒரு தேர்வை ரத்து செய்தால் மாநிலம் வேறொன்றைக் கொண்டுவரும். மறுபடி முதலிலிருந்து வழக்கு.

1965 சட்டத்தின் கெட்டிக்காரத்தனம் இந்த இடத்தில்தான். அது உரிமையை இன்னொரு முறை அறிவித்ததோடு நிற்கவில்லை. எழுத்தறிவுத் தேர்வுகளை நிறுத்தியது. முரண்டு பிடித்த கவுண்டிகளுக்கு மத்திய அரசின் ஆட்களை அனுப்பிப் பெயர்களைப் பதியவைத்தது. அதைவிட முக்கியம் 5-ஆவது பிரிவு. பாரபட்சம் காட்டியவை என்று சட்டத்தின் சூத்திரம் ஒன்று அடையாளம் காட்டிய மாநிலங்கள் தேர்தல் விதி எதை மாற்றினாலும், வாக்குச்சாவடியை இடம் மாற்றினாலும்கூட, மத்திய அரசின் நீதி அமைச்சகத்திடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். பாரபட்சம் இல்லையென்று நிரூபிப்பது மாநிலத்தின் பாடு. அதுவரை பாதிக்கப்பட்டவர்தான் கோர்ட் படியேறிக்கொண்டிருந்தார். 1965 மார்ச்சில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போய், செல்மா பாலத்தில் போலீஸ் தடியடி பட்டவர்கள் இல்லாவிட்டால் இப்படி ஒரு பிரிவை எந்த அரசியல்வாதியும் எழுதத் துணிந்திருக்க மாட்டார். மிசிசிப்பியில் சட்டத்துக்கு முன் நூற்றுக்கு 6.7 பேராக இருந்த கறுப்பினப் பதிவு 1967-ல் 59.8 ஆயிற்று.

2013 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், எந்தெந்த மாநிலங்கள் இதில் அடங்கும் என்று தீர்மானிக்கும் சூத்திரம் காலாவதியானது என்று அதை ரத்து செய்தது. 5-ஆவது பிரிவு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, பிரயோகிக்க மாநிலம்தான் இல்லை. முந்தைய ஆண்டு அந்தப் பிரிவின்கீழ் தடுக்கப்பட்டிருந்த தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்தப் போவதாக டெக்சாஸ் அன்றைக்கே அறிவித்தது.