நம்ம சேனல் சொன்ன கணக்கு: கடலூர், புதுவை வாசகர்களுக்குப் பதில்கள்

மஞ்சக்குப்பம் வாசகர்: எங்கள் கட்சி சேனல் நாங்கள்தான் ஜெயிப்போம் என்றது. தோற்றதும் ஓட்டு எந்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. தப்பா சார்?

தப்பில்லை, ஆனால் அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஜெயா டிவி, கலைஞர் டிவி, மக்கள் டிவி என்று கட்சிக்கொரு சேனல் நமக்குப் பழகிவிட்டது. அவர்கள் பொய் சொல்லவே வேண்டாம். உங்கள் ஊர் மைதானத்தில் ஒரு கூட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போனேன். மேடைக்குப் பக்கத்தில் நின்ற கேமராவுக்குத் தலைகளாகத் தெரிந்தது. பின்னால் நின்றதற்குக் கடைசிப் பத்து வரிசை காலி நாற்காலி. இரண்டுமே உண்மை. உங்கள் வீட்டில் ஓடியது ஒன்று மட்டும்தான்.

2016 மே 16, தமிழக சட்டமன்றத் தேர்தல் ஓட்டுப்பதிவு முடிந்த மாலை, ஓட்டுப் போட்டு வந்தவர்களிடம் கேட்டுச் சொன்ன பல கணிப்புகள் திமுக ஜெயிக்கும் என்றன. 19ஆம் தேதி அதிமுக 134 இடம் பிடித்தது. எனக்குத் தெரிந்த டீக்கடைக்காரர் பட்டாசுகூட வாங்கி வைத்திருந்தார். "நேத்து வரைக்கும் நாமதானேண்ணே?" என்று கேட்ட முகம் இன்னும் மறக்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் மாணவி: அத்தனை பேரிடம் கேட்டும் ஏன் தவறுகிறது?

ஆயிரம் பேரிடம் முறையாகக் கேட்டாலும் 3 சதவீதம் கூடலாம், குறையலாம். 2016இல் இரண்டு அணிகளுக்கும் இடைவெளியே ஏறக்குறைய 1 சதவீதம்தான். அப்புறம், வாசலில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் யாருக்குப் போட்டோம் என்று நம் ஊரில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? 2024இல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்று பல சேனல்கள் அடித்துச் சொன்னன. வந்தது 293.

முத்தியால்பேட்டை வாசகர்: புதுவைக்கு இந்தக் கணிப்பெல்லாம் சரிப்படுமா?

ரொம்பக் கஷ்டம். சுமார் 10 லட்சம் வாக்காளர்கள், 30 தொகுதி. சில நூறு ஓட்டில் முடிவு மாறிவிடும். 2021இல் சுயேச்சைகளே 6 பேர் ஜெயித்தார்கள். கட்சிக் கணக்கு மட்டும் போட்டவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

நெல்லிக்குப்பம் வாசகர்: ஓட்டுப்பதிவு அன்றே வாட்ஸ்அப்பில் கணிப்பு வருகிறதே?

சட்டப்படி குற்றம். கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை வெளியிடக் கூடாது. 2 ஆண்டு வரை சிறை உண்டு. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

முதுநகர் பூத் ஏஜென்ட்: அப்படியானால் எதைத்தான் நம்புவது ஐயா?

உங்கள் கையில் இருக்கும் தாளை. ஓட்டுப்பதிவு முடிந்ததும் 17சி படிவ நகலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை ஓட்டு பதிவானது என்று அதில் இருக்கும். எண்ணும் நாளில் எந்திரம் காட்டும் மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் இரண்டு சுற்றைப் பார்த்து, டிவி முடிவு சொல்லிவிட்டது என்று எழுந்து போகிற ஏஜென்டுகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. கடைசிச் சுற்று வரை உட்காருங்கள் தம்பி.