ஒரே அரசாங்கம்தானே, சிங்கப்பூரில் நகர நிர்வாகம் எளிதா?

மாநிலம், மாநகராட்சி இழுபறி இல்லாத ஊரில் என்ன சிரமம் என்று கேட்டிருக்கிறீர்கள். இழுபறி இல்லை, துறைகளுக்கு இடையே எல்லைக்கோடுகள் உண்டு.

2014 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், புக்கிட் கொம்பாக் எம்ஆர்டி ரயில் நிலையம் அருகே நடைபாதையில் கிடந்த மீன் உருண்டை செருகித் தின்னும் குச்சியைப் பற்றிப் பேசினார். இடப்பக்கச் சரிவு தேசியப் பூங்காக் கழகத்துக்கு, நடுப்பாதை குடியிருப்புப் பேட்டைகளைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு, சாலையோரம் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு. குச்சியை யார் எடுப்பது? இத்தகைய துறைகளை ஒருங்கிணைக்க அதே ஆண்டு நகராட்சிச் சேவை அலுவலகம் வந்தது. இப்போது ஒன்சர்வீஸ் செயலியில் படம் அனுப்பினால், உரிய துறையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

என்னைக் கேட்டால், வெளி எல்லைதான் கடினம். மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் வேலைக்கு வருவோர், அந்நாட்டுடன் 2061இல் முடியும் தண்ணீர் ஒப்பந்தம் இரண்டுக்கும் இரு நாடுகள் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.